ஒரே குடியிருப்பு, இரண்டு கட்சி: அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டடத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான மறுவாழ்வு இல்லம் தொடங்க ஒரு தொண்டு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. சங்கம் தன் கருத்தை எழுத்தில் தர வேண்டும். போன மாதம் கூட்டம் போட்டோம். அரை மணி நேரத்தில் கூச்சலாகிவிட்டது. "மனிதாபிமானமே இல்லாதவர்கள்" என்று ஒரு பக்கம், "உங்கள் வீட்டில் வயதுப் பிள்ளைகள் இல்லை, அதனால் பேசுகிறீர்கள்" என்று இன்னொரு பக்கம். பல வருடம் பழகியவர்கள் இப்போது லிஃப்டில் முகம் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்கிடையில் ஓர் அம்மா என்னிடம் தனியாக வந்து, தன் மகனே அப்படியொரு இல்லத்தில் இருந்து மீண்டவன்தான் என்று சொல்லி அழுதார். கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூட்டி ஆறவைத்து, அப்புறம் சேர்த்து உட்காரவைக்கலாம் என்று நினைக்கிறேன். எதிர்ப்பவர்களுக்கு எப்படிப் பொறுமையாகப் புரியவைப்பது? இல்லை, இதைச் சங்கத்தில் பேசவே கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாமா?

பதில்: "எதிர்ப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று கடிதத்தில் எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் இந்த ஒரு வரி சொல்லிவிட்டது. கடிதம் படித்த எனக்கே தெரிகிறதென்றால், உங்களோடு வருடக்கணக்கில் பழகியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நடுவில் உட்கார்ந்திருக்கும் செயலாளரும் எதிரணிதான் என்ற நினைப்போடுதான் அவர்கள் அன்று பேசியிருப்பார்கள். குரல் உயர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கருத்து இருப்பது தப்பில்லை. கருத்துக்காக வாதாடுவதையும் கூட்டத்தை நடத்துவதையும் ஒரே ஆள் செய்வதுதான் சிக்கல். இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இல்லம் வரவேண்டும் என்று பேச ஆசைப்பட்டால், நடத்தும் பொறுப்பை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு போய் உட்காருங்கள். அவர் வெளியாளாக இருந்தால் இன்னும் நல்லது. நடத்துவதுதான் விருப்பம் என்றால், அன்று முழுக்க உங்கள் அபிப்பிராயம் வெளியே தலைகாட்டக் கூடாது. ஒருவர் பேசும்போது தலையாட்டிவிட்டு அடுத்தவர் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும், கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

பேசவே கூடாது என்று தீர்மானம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். எப்படியும் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தாக வேண்டும். பொதுவில் பேசாமல் கொடுத்தால், நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்கள் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

தனித்தனிக் கூட்டம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு இருப்பவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 2005-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முற்போக்குச் சாய்வுள்ள போல்டர் நகரத்துக்காரர்களையும், பழமைவாதச் சாய்வுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்காரர்களையும் அவரவர் ஊரிலேயே, தங்களைப் போன்றவர்களோடு மட்டும் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். பருவநிலை ஒப்பந்தம் உள்ளிட்ட மூன்று சர்ச்சைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரின் கருத்தையும் ரகசியமாக வாங்கினார்கள். பேசி முடித்தபோது போல்டர்காரர்கள் இன்னும் இடதுபுறம் போயிருந்தார்கள், மற்றவர்கள் இன்னும் வலதுபுறம். குழுவுக்குள் முதலில் இருந்த சின்னச் சின்னக் கருத்து வேறுபாடுகளும் மங்கிவிட்டன. இதை நடத்தியவர்களில் ஒருவர் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன். ஒத்த கருத்துள்ளவர்கள் தங்களுக்குள் பேசினால் சூடு தணியும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஒருவர் சொல்லும் காரணத்தை அடுத்தவர் வாங்கி இன்னொரு காரணத்தைச் சேர்க்கிறார், தயங்கிக்கொண்டிருந்தவர் தயக்கத்தைச் சொல்ல வெட்கப்படுகிறார். உங்கள் ஏற்பாட்டில் இரண்டு தரப்பும் ஆறிப்போய் வரமாட்டார்கள், ஒத்திகை முடித்துக்கொண்டு வருவார்கள்.

ஆனால் ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பது வேறு விஷயம். அதைக் கட்டாயம் செய்யுங்கள். என் அனுபவத்தில் ஒரு கூட்டம் நன்றாக நடந்ததா இல்லையா என்பது கூட்டத்துக்கு முந்திய நாட்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. உரக்கப் பேசியவர்களிடமும் போங்கள், ஒன்றும் பேசாதவர்களிடமும் போங்கள். "இது வந்தால் உங்களுக்கு எதில் கவலை?", "வராமல் போனால் எதில் கவலை?", "எதிர்த் தரப்பு சொல்வதில் கொஞ்சமாவது நியாயமாகப் படுவது எது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. காத்திருங்கள். முதலில் "ஒன்றுமில்லை" என்பார்கள், சிறிது நேரம் கழித்து "சரி, ஒரு விஷயம் மட்டும்..." என்று ஆரம்பிப்பார்கள்.

இந்தச் சுற்றில் இன்னொரு விஷயமும் தெரியவரும் என்று எதிர்பார்க்கிறேன். இரு தரப்பாரும் தாங்கள் நினைக்கும் அளவுக்கு எதிரெதிராக இல்லை. 2019-இல் மோர் இன் காமன் என்ற அமைப்பு அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. எதிர்க்கட்சிக்காரர்களில் எத்தனை பேர் தீவிரக் கருத்து உள்ளவர்கள் என்று இரு கட்சி ஆதரவாளர்களையும் கேட்டபோது, சராசரியாக 55 சதவீதம் என்றார்கள். உண்மையில் இருந்தது 30 சதவீத அளவுதான். அடிக்கடி செய்தி பார்ப்பவர்களின் கணிப்புதான் அதிகம் தப்பாக இருந்தது என்பது கூடுதல் சுவாரசியம். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் நாள் முழுக்க எழுதுவது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மீதிப் பேரின் கருத்து என்ன என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனவே கூட்டத்துக்கு முன்பே பெயர் போடாத ஒரு சீட்டு எல்லா வீட்டுக்கும் போகட்டும். ஆதரவா எதிர்ப்பா என்று கேட்காதீர்கள். "எந்தெந்த நிபந்தனை இருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்? எது நடந்தால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். வந்த பதில்களைத் திருத்தாமல், யாருடையது என்று தெரியாதபடி எழுதிக் கூட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர்களே பார்க்கட்டும்.

இனி அந்த அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தவர் அவர்தான். அவரை எழுந்து பேசவைத்தால் எதிர்ப்பவர்கள் மனம் இளகும் என்ற ஆசை உங்களுக்கு வரலாம். தயவுசெய்து வேண்டாம். அவர் சொன்னது உங்களுக்கு மட்டும். தன் மகனின் கதையைச் சாட்சியாக வைத்து அக்கம்பக்கத்தாரிடம் இரக்கம் கேட்கும் நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துவது உரையாடல் ஆகாது. அவராக விரும்பினால், எப்படி, எவ்வளவு சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். பெயரில்லாத சீட்டு அவருக்கும் ஒரு வழிதான். கூட்டத்தில் பொது விதி ஒன்றை அறிவித்துவிடுங்கள்: "இந்த அறையில் இருப்பவர்களின் வீட்டிலேயே இந்தப் பழக்கத்தால் துன்பப்பட்டவர்கள் இருக்கலாம், அதை மனதில் வைத்துப் பேசுவோம்." யாரையும் சுட்டாமல் இதைச் சொல்ல முடியும். அந்தத் துன்பம் இரண்டு விதமாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். குடித்துவிட்டு வந்தவரிடம் அடி வாங்கி வளர்ந்த ஒருவர்தான் "வேண்டவே வேண்டாம்" என்று அதிகம் கத்துகிறவராக இருக்கக்கூடும்.

அடுத்து, இந்தக் கூட்டத்திலிருந்து எதை எதிர்பார்ப்பது? ஒருமித்த கருத்து வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1994 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், கருக்கலைப்பு செய்யும் இரண்டு மருத்துவ நிலையங்களில் ஒருவன் சுட்டதில் அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதன் பிறகு கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் மூன்று பெண் தலைவர்களும் எதிர்க்கும் மூன்று பெண் தலைவர்களும் ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். பொது உரையாடல் திட்டம் என்ற அமைப்பைச் சேர்ந்த லாரா சேசின் அதை நடத்தியவர்களில் ஒருவர். சில சந்திப்புகள் என்று ஆரம்பித்தது ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. 2001 ஜனவரியில் ஆறு பேரும் சேர்ந்து பாஸ்டன் குளோப் நாளிதழில் கட்டுரை எழுதியபோதுதான் வெளியுலகுக்கே விஷயம் தெரிந்தது. அதில் அவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்று பலருக்கு அதிர்ச்சி: இத்தனை காலம் பேசியும் யாரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, சொல்லப்போனால் அவரவர் நிலைப்பாடு முன்பைவிட உறுதியாகிவிட்டது. மாறியது வேறு. ஒருவரை ஒருவர் மேடையில் அரக்கர்களாக வர்ணிக்க அவர்களால் முடியவில்லை. எதிராளி தன்னை எந்தப் பெயரால் அழைக்க விரும்புகிறாரோ அந்தப் பெயரால் அழைக்கச் சம்மதித்தார்கள், எரிகிற சொற்களை விட்டார்கள். வன்முறை வரக்கூடும் என்று தெரிந்தபோது எதிர்த் தரப்பை எச்சரிக்கும் அளவுக்குத் தொடர்பு இருந்தது.

உங்களுக்கும் அவ்வளவே இலக்காக இருக்கட்டும். எந்தப் பக்கம் தோற்றாலும், தோற்றவர்கள் மறுநாள் லிஃப்டில் ஏறும்போது "நான் சொன்னதைக் கேட்டார்கள், கேட்டுவிட்டுத்தான் வேறு முடிவு எடுத்தார்கள்" என்று நினைக்க வேண்டும். அதற்காக அழைப்பிதழில் ஒரு வாக்கியம் போடுங்கள்: அன்று வாக்கெடுப்பு கிடையாது, பேச்சு மட்டும். வாக்கெடுப்பு வேறு நாள். கை தூக்கும் நேரம் நெருங்க நெருங்க ஒவ்வொருவரும் ஆள் சேர்க்கத்தான் பேசுவார்கள், கேட்கமாட்டார்கள்.

பேச்சையும் வாக்கெடுப்பையும் இப்படிப் பிரித்து வைப்பதற்கு நல்ல உதாரணம் அயர்லாந்து. 2016-இல் அங்கே அமைக்கப்பட்ட குடிமக்கள் பேரவையில் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 சாதாரண மக்கள், தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். அந்நாட்டையே பிளந்துகொண்டிருந்த கருக்கலைப்புச் சட்டம்தான் முதல் பொருள். அதற்கு ஐந்து வார இறுதிகளை ஒதுக்கினார்கள். வல்லுநர்களும் பாதிக்கப்பட்டவர்களும் இரு தரப்பு அமைப்புகளும் சொன்னதைக் கேட்டார்கள். வட்ட மேசைகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நடத்துநரும் குறிப்பெடுப்பவரும் இருக்க, பேசினார்கள். வாக்கு கடைசி வார இறுதியில்தான். நாடு முழுவதுமான வாக்கெடுப்பு அதற்கும் பிறகு, 2018 மே மாதம். 66.4 சதவீதம் பேர் சட்டத்தை மாற்றச் சொன்னார்கள். முடிவு சரியா தவறா என்பது நமக்கு இங்கே வேண்டாம், வரிசையை மட்டும் பாருங்கள்: தெரிந்துகொள்வது, கேட்பது, பேசுவது, கடைசியில் முடிவு. பெரும்பாலான சங்கக் கூட்டங்கள் இந்த நான்கையும் ஒரே மாலையில், ஒரே மைக்கில் அடைக்கப் பார்க்கின்றன.

மைக் என்றதும் நினைவு வருகிறது, அதை அன்று வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். மைக் கையில் வந்தால் எவருக்கும் மேடைக் குரல் வந்துவிடும். ஆறேழு பேர் உட்காரும் வட்டங்களாக நாற்காலி போடுங்கள். யார் எங்கே என்பதை நீங்களே கலந்து தீர்மானியுங்கள், கூட்டாளிகள் கும்பலாக உட்கார விடாதீர்கள். முதல் சுற்றில் கருத்தே கேட்காதீர்கள். "போதைப் பழக்கம் உங்கள் வாழ்க்கையையோ உங்களுக்குத் தெரிந்தவர் வாழ்க்கையையோ எப்போதாவது தொட்டதுண்டா? சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவருக்கு விடுங்கள்" என்பது போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம், நடுவில் யாரும் பேசக் கூடாது, பதில் சொல்லவும் கூடாது.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் 2016-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மயாமியில் 501 வாக்காளர்களைப் பயன்படுத்தி நடந்தது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் திருநர் மீதான பாகுபாடு பற்றிப் பத்து நிமிட அளவுக்குப் பேசினார்கள். வாதம் செய்யவில்லை. தான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர் என்பதற்காகவே மோசமாக நடத்தப்பட்ட ஒரு தருணத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் அந்தப் பேச்சின் தாக்கம் இருந்தது. (இதே துறையில் அதற்கு முன் பரபரப்பாக வெளிவந்த ஓர் ஆய்வின் தரவு நம்பத்தகாதது என்று அம்பலப்படுத்தியவர்களிலும் இவர்கள் உண்டு. அதனால் இவர்கள் முடிவை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறேன்.) 2020-இல் வெளிவந்த அவர்களுடைய அடுத்த ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் கதை பரிமாறும் பகுதியை எடுத்துவிட்டு வெறும் வாதத்தை மட்டும் வைத்தபோது பலன் காணாமல் போய்விட்டது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: அந்தத் தன்னார்வலர்கள் மனதை மாற்றப் போனவர்கள். நீங்கள் அந்த முறையை இரு பக்கத்துக்கும் பொதுவாகக் கடன் வாங்குகிறீர்கள்.

இரண்டாவது சுற்றில் கருத்து வரலாம். அதற்கு ஒரே ஒரு விதி. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1951-இல் சொன்னது: முந்தியவர் பேசியதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் கருத்தைச் சொல்லலாம். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். "அதாவது, மறுவாழ்வு பெறுபவர்கள் எல்லாரும் திருடர்கள் என்கிறீர்கள்" என்றுதான் முதலில் வரும். "நான் அப்படிச் சொல்லவில்லை, இரவு பத்து மணிக்கு மகள் டியூஷன் முடிந்து வரும் வழியில் யார் நிற்பார்கள் என்று தெரியவில்லை என்றேன்" என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. திருடர்கள் என்றால் சண்டை, பத்து மணிக்கு வழியில் யார் என்றால் அதற்குப் பதில் தேடலாம்.

இப்படி வெளியே வரும் பதில் தேடக்கூடிய கேள்விகளை ஒரு தாளில் சேருங்கள். எத்தனை பேர் தங்குவார்கள், இரவில் பொறுப்பாளர் உண்டா, புகார் என்றால் யாரைக் கூப்பிடுவது, சிகிச்சையை நடுவில் விட்டுப் போகிறவர்களை எப்படிக் கையாள்வார்கள், இந்த நிறுவனம் வேறு இடத்தில் நடத்தும் இல்லத்தின் அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு, ஆதரிப்பவர் இருவர், எதிர்ப்பவர் இருவர் சேர்ந்து நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே, எதிரெதிர்க் குழுக்கள் வெறுமனே சந்திப்பது போதாது, சமமான நிலையில், பொது நோக்கத்தோடு, சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். நாலு பேர் ஒரே வண்டியில் போய் ஒரே இடத்தைப் பார்த்து ஒரே அறிக்கை எழுதுவதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. அவர்களுக்குள் ஒத்துப்போகாத இடங்களை "இதில் எங்களுக்குள் உடன்பாடில்லை" என்று அறிக்கையில் எழுதலாம்.

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரியாதை என்றால் மெதுவாகப் பேசுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்தான் எப்போதும் மரியாதையாகப் பேசுவார், பயத்திலோ வலியிலோ இருப்பவர் எப்போதும் விதி மீறியவராகத் தெரிவார். குரல் உயர்ந்தால் விடுங்கள், அழுதாலும் விடுங்கள். ஆளைத் தாக்கினால், நோக்கத்தைச் சந்தேகித்தால், ஒரு கூட்டத்தையே இழிவாகப் பேசினால் மட்டும் நிறுத்துங்கள். "மனிதாபிமானம் இல்லாதவர்" என்பதும் "உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை" என்பதும் இந்த வரம்புக்கு வெளியே, இரண்டும் ஒரே அளவுக்கு. நிறுத்தும்போது கண்டிக்காதீர்கள், "உங்கள் கவலையைச் சொல்லுங்கள், அவரைப் பற்றி வேண்டாம்" என்று திருப்பிவிடுங்கள். எழுந்து போகிறவரைத் தடுக்க வேண்டாம், மறுநாள் போய்ப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் இந்த விஷயத்துக்கு அறிவிப்பு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, இடம், பார்வையிட்டவர்களின் அறிக்கை. யாராவது வாதம் ஆரம்பித்தால் அங்கே பதில் போடாமல் நேரில் பேசுங்கள்.

வாக்கெடுப்பு முடிந்ததும் சங்கம் எழுதித்தரும் கடிதத்தில் "பெரும்பான்மை முடிவு" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பொதுவாகக் கேட்ட நிபந்தனைகள், தோற்ற தரப்பின் காரணங்கள் எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் காரணங்களை அவர்களையே எழுதச் சொல்லி அப்படியே சேருங்கள். அனுப்புவதற்கு முன் கடிதத்தை அவர்களிடம் ஒருமுறை கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.